தறிச் சத்தமும் வாய்ப்பாடும்

1960 ஏப்ரல் 1 அன்று ஆர்.கே.பேட்டை இருந்த இடத்தைவிட்டு ஓரடிகூட நகரவில்லை. ஆனால் மாநிலம் மாறிவிட்டது. முதல் நாள்வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி, அன்றுமுதல் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் வகுத்துக் கொடுத்த எல்லை, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் என்று அதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. வரைபடத்தில் கோடு போட்டாயிற்று. அடுப்படியில் பேசும் மொழிக்குக் குறுக்கே அந்தக் கோடு விழவில்லை. இன்றும் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன.

அப்படியொரு தெலுங்கு வீட்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை ஒன்று தமிழ் வழிப் பள்ளியின் முதல் வகுப்பில் வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொல்கிறார். ஆறு இரண்டு மொழியிலும் ஆறுதான். அதற்கு அடுத்தது தெலுங்கில் ‘ஏடு’. தமிழ் வகுப்பறையில் ஏடு என்றால் புத்தகத்தின் தாள். எட்டுக்கு வீட்டில் ‘எனிமிதி’, ஒன்பதுக்கு ‘தொம்மிதி’. குழந்தைக்கு எண்ணத் தெரியும், பெயர்தான் பள்ளியில் வேறாக இருக்கிறது. அது தயங்குகிறது. அந்தத் தயக்கம் சில மாதங்கள் நீடித்தால், அதற்கென்று ஊரில் தயாராக ஒரு தீர்ப்பு காத்திருக்கிறது: “படிப்பு ஏறலை.”

கல்வி பற்றிய நம் பேச்சில் இதைவிடப் பொல்லாத தொடர் வேறில்லை. பசி, தூக்கம், மொழி, வீட்டின் இரைச்சல், வாத்தியார் இடமாற்றம் என்று வெளியே இருக்கும் அத்தனையையும் சுருட்டி ஒரு குழந்தையின் மண்டைக்குள் திணித்துவிடுகிறது. குற்றவாளி பிடிபட்டுவிட்ட பிறகு விசாரணை எதற்கு?

விசாரணை உலகம் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1966-இல் அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்த அறிக்கை வெளியானது. பள்ளியின் கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிட மாணவரின் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையதாக அதில் தெரிந்தது. பலர் இதை, “வீடு சரியில்லையென்றால் பள்ளிக்கூடம் என்ன செய்துவிடும்?” என்று வாசித்தார்கள். கைகழுவ வசதியான வாசிப்பு. பின்னர் வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக இந்தியாவில் வேலை செய்தவர்கள், ‘குடும்பப் பின்னணி’ என்ற பெரிய மூட்டையை அவிழ்த்து, அதற்குள் எதையெல்லாம் மாற்ற முடியும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் திருத்தணிக்காரர்கள் ராதாகிருஷ்ணனை இழுத்துவருவார்கள். 1888-இல் எளிய தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்றவர் குடியரசுத் தலைவர் ஆகவில்லையா, அறிவு இருந்தால் வராதா என்று கேட்பார்கள். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறு சங்கதி தெரியும். திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீஸ் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுவனம் இருந்தது, கூடவே உதவித்தொகையும் இருந்தது. தத்துவத்தை அவர் பாடமாக எடுத்ததற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார் என்பதுதான் அது. அந்த உறவினர் கணக்குப் படித்திருந்தால், ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 வெறும் தேதியாகப் போயிருக்கலாம்.

மொழிக்குத் திரும்புவோம். எல்லைப்புற ஊர்களுக்கென்றே எழுதப்பட்டது போன்ற ஆய்வு ஒன்று உண்டு. பொருளியலாளர் தருண் ஜெயின் 2017-இல் வெளியிட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைவதற்கு முன் தென்னிந்தியாவில், மாகாணத்தின் பெரும்பான்மை மொழி ஒன்றாகவும் மாவட்டத்து மக்களின் மொழி வேறாகவும் இருந்த பகுதிகளை அவர் எடுத்துக்கொண்டார். மொழி பொருந்திய மாவட்டங்களோடு ஒப்பிட்டால் பொருந்தாத மாவட்டங்களில் எழுத்தறிவு 18 சதவீதமும், கல்லூரிப் பட்டம் பெற்றோர் விகிதம் 20.1 சதவீதமும் குறைவாக இருந்தன. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்ட பிறகு, பின்தங்கிய மாவட்டங்கள் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தன. அதே மண், அதே மக்கள். கரும்பலகையின் மொழி மாறியது, படிப்பு ‘ஏறியது’.

ஆனால் எந்தக் கோட்டைப் போட்டாலும் அதன் இரு பக்கமும் கொஞ்சம் பேர் தவறான பக்கத்தில் மிஞ்சுவார்கள். ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தெலுங்கு வழிப் பள்ளிகளும் அதனால்தான் உள்ளன. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2016-இல் அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தொட்டபோது மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். சில ஆண்டுகளுக்கு விலக்கும் கிடைத்தது. இந்த வழக்கு உரிமைப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது, அது நியாயம்தான். ஆனால் உண்மையான நெருக்கடி பத்தாம் வகுப்பில் இல்லை, முதல் இரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் யாரும் தேவையில்லை. ‘ஏடு’ என்றதும் ‘ஏழு’ என்று புரிந்துகொள்ளும் ஆசிரியர் போதும்.

புரியாத மொழியில் எதைக் கொட்டினாலும் என்ன ஆகும் என்பதற்குக் கென்யாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கிராமப் பள்ளிகளுக்கு அரசின் பாடநூல்கள் இலவசமாகத் தரப்பட்டன. மைக்கேல் கிரேமரும் சக ஆய்வாளர்களும் விளைவை அளந்தார்கள். வகுப்பின் சராசரி மதிப்பெண் அசையவே இல்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த பிள்ளைகள் மட்டும் இன்னும் முன்னேறினார்கள். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் பையில் இருந்தது, படிக்க முடியவில்லை. ஆங்கில வழிப் பிரிவுகளைத் தேடி ஓடும் தமிழ்நாட்டுப் பெற்றோர் இந்த முடிவை ஒருமுறை நிறுத்தி வாசிக்கலாம்.

மொழிக்கு அடுத்து இரைச்சல். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை எல்லாம் நெசவு ஊர்கள். கைத்தறி இருந்த இடங்களில் விசைத்தறி வந்துவிட்டது. பல வீடுகளில் முன்கட்டில் தறி, பின்கட்டில் சமையல், நடுவில் பிள்ளைகள். தறி ஓடும் கொட்டகையில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பெரியவர்கள் கையசைவிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அந்த வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லும் பிள்ளையின் குரல் அதன் காதுக்கே எட்டாது.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைத்தால் தவறு. நியூயார்க் நகரில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. 1970-களில் உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் அங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஒரே பள்ளி, ஒரே மாதிரிப் பிள்ளைகள். ரயில் பக்கம் இருந்த அறைகளில் படித்தவர்கள், அமைதியான மறுபக்க அறைகளில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது இடைவெளி ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பொருத்தினார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் அடித்தார்கள். அடுத்த ஆய்வில் இடைவெளி மறைந்திருந்தது. பிள்ளைகளின் புத்தியை யாரும் தொடவில்லை. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டபோதும் அப்படித்தான். அதன் அருகில் வாழ்ந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் மேம்பட்டன, புதிய நிலையத்தின் அருகில் இருந்தவர்களுக்கு இறங்கின.

தறி சத்தத்தை மட்டும் தருவதில்லை, நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. தார் சுற்றவும், அறுந்த இழையை முடியவும், கடைக்கு ஓடவும் வீட்டில் எப்போதும் ஒரு சின்னக் கை வேண்டியிருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. காகிதத்தில் இது பாதகமில்லாத சலுகை. நெசவு வீட்டில் ‘பள்ளி நேரம் போக’ என்பது வீட்டுப்பாடத்துக்கும் விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரிய நேரம். தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை பழையது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, காமராசர் முதல்வரான 1954-இல் கைவிடப்பட்டது. சாதி அரசியலாக அந்தப் போராட்டம் நினைவில் நிற்கிறது. ஒரு பிள்ளையின் நாளில் எத்தனை மணி நேரம் படிப்புக்கு என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

வயிறு காய்ந்தால் அந்த மணிகளும் வீண். இது தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக் கட்சியினர் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு என்று ஒரு நூற்றாண்டாக மாநிலம் இதைச் செய்துவருகிறது. ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு விரிவானது 2024 ஜூலை 15-இல், ஆர்.கே.பேட்டை இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில்.

சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள், படிப்பார்களா என்பது பழைய கிண்டல். பதில் இப்போது எண்ணிக்கையில் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது, மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் நிறைவேற்றின. அந்த முன்பின் வேறுபாட்டைப் பயன்படுத்தி தனிகா சக்ரவர்த்தியும் ராஜி ஜெயராமனும் செய்த ஆய்வில், ஐந்தாண்டுவரை மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். இங்கே ‘ஐந்தாண்டு’ என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். பலன் ஒரே வாரத்தில் தெரியாது, தினமும் சேர்ந்து சேர்ந்து வரும். வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மதியம் மூன்றாவது பாடவேளையில் கண் சொருகும் பிள்ளையை அதட்டுவதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.

பிறகு கொரோனா வந்தது. கல்வி ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒருபோதும் செய்யத் துணியாத சோதனையை நோய் செய்துவிட்டது: பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019-லேயே பிள்ளைகளை அளந்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரிலிருந்து அதே கிராமங்களுக்குத் திரும்பச் சென்று சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே வயதுப் பிள்ளைகள் 2019-இல் இருந்த நிலையைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் மதிப்பெண் சரிந்திருந்தது. பேச்சு வழக்கில் சொன்னால், நூறு பிள்ளைகளை மதிப்பெண்படி நிறுத்தினால் நடுவில் ஐம்பதாவதாக நிற்க வேண்டிய பிள்ளை, பழைய வரிசையில் கணக்குக்குக் கடைசியிலிருந்து இருபத்து மூன்றாம் இடத்துக்கும், மொழிக்கு முப்பத்தேழாம் இடத்துக்கும் போய்விட்டது.

கணக்கு ஏன் அவ்வளவு ஆழமாக விழுந்தது, மொழி ஏன் அந்த அளவு விழவில்லை? மொழி பள்ளிக்கு வெளியிலும் கிடைக்கிறது. பாட்டி, தெரு, தொலைக்காட்சி, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் இலவச ஆசிரியர்கள். வகுத்தலை வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்த விளக்கம் சரியென்றால் எல்லையோரத்துக்கு அதில் ஒரு துணைக்கணக்கு உண்டு. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளித் தமிழும் கணக்கைப் போலத்தான், பெரும்பாலும் பள்ளியில் மட்டுமே கிடைக்கும் பொருள். மூடியிருந்த மாதங்கள் அதற்கு இரட்டை நட்டம் என்று கருத இடமுண்டு.

அந்த ஆய்வின் இரண்டாம் பாதிதான் பலரும் கவனிக்காதது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்கள். மாலை வேளையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அதே தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இழப்பு ஏழை வீடுகளை அதிகம் தாக்கியது, மீட்சியும் அந்த வீடுகளிலேயே வேகமாக இருந்தது. பிறவியிலேயே ‘ஏறாத’ மண்டைகள் ஆறு மாதத்தில் எப்படித் திறந்துகொண்டன?

ஒன்றரை மணி நேரம், பிள்ளையின் மொழி தெரிந்த ஒரு பெரியவர், அவருடைய முழுக் கவனம். இதுவரை பார்த்த ஆய்வுகளை உலுக்கினால் கீழே விழுவது திரும்பத் திரும்ப இதுதான்.

2018 ஜூனில் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்து வட்டமான பள்ளிப்பட்டின் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி நாடு முழுவதும் செய்தியானது. ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம். விடைபெற வந்தவரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து, காலைப் பிடித்து, கதறி அழுது போகவிடாமல் தடுத்தார்கள். அந்தப் புகைப்படம் பார்த்தவர்கள் பலரும் கண்கலங்கினார்கள். கதை சொல்வார், வீட்டு நிலைமையை விசாரிப்பார், வருங்காலம் பற்றிப் பேசுவார் என்று பிள்ளைகள் அவரைப் பற்றிச் சொன்னார்கள். இடமாற்றம் பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டது.

அழுகையைப் படம் பிடித்த அளவுக்கு அதன் காரணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. ஆசிரியர் மாணவர் விகிதப்படி அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் உபரி, பணியில் இளையவர் அவர். பணிநிரவல் என்பது இதற்கு அலுவலகப் பெயர். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பேருக்கு ஒருவர், நடுநிலையில் 35 பேருக்கு ஒருவர் என்று விகிதம் வைத்திருக்கிறது. விகிதம் தேவைதான். ஆனால் அந்தக் கணக்கில் எல்லா ஆசிரியர்களும் ஒரே எடை.

எண்ணிக்கை தனியாக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடோதராவிலும் மும்பையிலும் ‘பிரதம்’ அமைப்பு நடத்திய பால்சகி திட்டம் நல்ல சான்று. பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று, உள்ளூர் இளம்பெண் ஒருவர் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அளந்தபோது அந்தப் பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். வகுப்பறையில் தங்கியவர்களுக்கும் ஒரு லாபம் கிடைத்திருக்க வேண்டும், அவர்களுடைய வகுப்பு சிறுத்துவிட்டதே. அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆசிரியர் பழைய பாடத்தைப் பழைய வேகத்தில் நடத்திக்கொண்டிருந்தார், கேட்பவர்கள்தான் குறைவு.

பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவது என்ற இந்த யோசனை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி, ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளும் ஏணிப்படிகளுமாக ஒரு முறையை உருவாக்கியது. திருத்தணி 1960-வரை இருந்த அதே சித்தூர் மாவட்டத்தில்தான் அப்போது அந்தப் பள்ளியும் இருந்தது. அந்த முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் எடுத்துக்கொண்டன, 2007-இல் செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள் கந்தலாகி, ஆர்வம் வடிந்த கதையும் ஊருக்கு ஊர் உண்டு. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில். பெயர் மாறினாலும் நோக்கம் அதுவே.

கவனம் எப்போதும் நன்மைக்கு என்றும் சொல்லிவிட முடியாது. கர்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குப் புதிர்வழிகளைத் தீர்க்கக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தீர்த்தன. ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. அதே கை, அதே பென்சில். உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் சாதிவாரியாக எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அது போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்தைய கட்டம் ஒன்று உண்டு. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். அதுவரை ஒரே பணியாளர் சத்துமாவு, எடை, பதிவேடு, வீடு வீடாகச் செல்வது, பாடம் எல்லாவற்றையும் சுமந்தார். இரண்டாமவர் வந்ததும் பாடம் நடக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கு 0.29, மொழி 0.46 திட்ட விலக்கம் உயர்ந்தன. ஊட்டக்குறைவும் குறைந்தது, ஏனென்றால் முதல் பணியாளருக்கு அதைப் பார்க்க இப்போது நேரம் இருந்தது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் அப்படி இரண்டாவதாக வந்து அமரும் பெண் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. அடுத்த தெருக்காரராக இருப்பார். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசி வளர்ந்திருப்பார். தறி நிற்கும் நேரமும் ஓடும் நேரமும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இரண்டு ஆண்டு உட்கார்ந்துவிட்டு முதல் வகுப்புக்குப் போகும் குழந்தையிடம் ஆசிரியர் ஏழு புளியங்கொட்டை எடுக்கச் சொன்னால், அது நோட்டுத் தாளைத் தேடாது.